கூட்டாஞ்சோறும் கூலிச் சமையலும்: ஜொகூர்த் தமிழரின் பொது விருந்து – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழர் வாழ்வியலில் விருந்தோம்பல் தனிச் சிறப்பிடம் பெற்றது. திருக்குறள் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளது. எனினும், விருந்தோம்பலைப் பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு வீட்டார் தம்மை நாடி வந்தோருக்கு உணவளிப்பதையே பேசுகின்றன. விருந்தளிக்கும் வீட்டார் என்று ஒருவர் தனியே இல்லாத விருந்தும் உண்டு. ஒரு குழு தனக்குத் தானே அளித்துக்கொள்ளும் அவ்விருந்து ஆய்வாளர்களின் கவனத்தை அவ்வளவாகப் பெறவில்லை. கோயில் திருவிழா, சங்க ஆண்டுவிழா, ஆசிரியர் தினம், முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இத்தகைய ஒன்றுகூடலுக்குத் திட்டமிடும் எந்தச் செயற்குழுவிலும் ஒரு கேள்வி தவறாமல் எழும். உணவை வெளியாரிடம் கூலிக்கு ஒப்படைப்பதா, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு பண்டம் சமைத்துக் கொண்டுவருவதா என்பதே அது. மக்கள் வழக்கில் முன்னதைக் கேட்டரிங் என்றும் பின்னதைப் பொட்லக் என்றும் குறிப்பிடுகின்றோம். இக்கேள்வி செலவு, நேரம், வசதி என்னும் மூன்றனுள் அடங்கிவிடுவதாகவே தோன்றும். 'அந்தக் காலத்தில் எல்லாரும் கூடிச் சமைத்தோம். இன்று காசு கொடுத்து வாங்குகிறோம்' என்னும் ஏக்கமும் அதனோடு சேர்ந்து ஒலிக்கும். பொட்லக் நம் பழைய கூட்டாஞ்சோற்றின் மறுவடிவம் என்றும், கூலிச் சமையல் அண்மைக்கால வணிகத்தின் வரவு என்றும் கருதுவோர் பலர்.

வரலாறு இக்கருத்துக்கு முழுமையாக இடந்தரவில்லை. கூலிச் சமையல் தமிழரிடையே மிகப் பழையது. எல்லா வீட்டுச் சமைத்த உணவையும் ஒரே மேசையில் வைத்து எல்லாரும் உண்பதுதான் புதியது. இவ்விரண்டுக்கும் இடையே, யார் சமைத்ததை யார் உண்ணலாம் என்னும் வினா நெடுங்காலம் நின்றுவந்துள்ளது. இக்கருத்தை ஜொகூர் மாநிலத் தமிழரின் வாழ்வை மையமாகக் கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

சொற்கள் காட்டும் வரலாறு

முதற்கண் சொற்களை நோக்குவோம். கூட்டாஞ்சோறு என்பது பலர் கொண்டுவரும் அரிசி, பருப்பு, காய்கறி ஆகியவற்றை ஒன்றாகக் கூட்டி ஆக்கும் சோறு. சிறுவர் தத்தம் வீட்டிலிருந்து ஒரு பிடி பொருள் கொண்டுவந்து பொதுவில் அடுப்பு மூட்டி ஆக்கி உண்ணும் விளையாட்டையும் இச்சொல் குறிக்கும். திருநெல்வேலிப் பகுதியில் அரிசியும் பருப்பும் காய்களும் கலந்து ஆக்கும் ஒரு குறிப்பிட்ட உணவுக்கும் இதுவே பெயர். இவை யாவற்றிலும் கூட்டப்படுவது சமைக்காத பொருள் என்பதும் அடுப்பு ஒன்றே என்பதும் கருதத்தக்கன.

பொட்லக் என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் வேறு. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அது எதிர்பாராது வந்த விருந்தினருக்குப் பானையில் இருப்பது கிடைக்கும் என்ற பொருளையே தந்தது. ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் கூட்டு விருந்து என்னும் பொருள் பிற்காலத்தில் அமெரிக்காவில் பரவியதாகும். ஒலி ஒப்புமை கருதிச் சிலர் இதனை வட அமெரிக்கப் பசிபிக் கரையின் தொல்குடியினர் நடத்தும் பொட்லாச் என்னும் கொடை விழாவோடு இணைப்பர். அச்சொல் சினூக் மொழிவழக்கிலிருந்து வந்தது. அவ்விழாவில் தலைவன் தன் செல்வத்தை வாரி வழங்கித் தன் மேன்மையை நிலைநாட்டுவான். கனடா அரசு 1885 முதல் 1951 வரை அதனைத் தடைசெய்திருந்தது. ஒருவர் கொடுக்கப் பலர் பெறுவது பொட்லாச். பலர் கொடுத்துப் பலரே பெறுவது பொட்லக். இவ்வேறுபாடு நம் ஆய்வுக்கும் பயன்படும்.

ஜொகூரின் அன்றாட வழக்கில் பகிர்தலைக் குறிக்கும் சொற்கள் பல மொழிகளிலிருந்து வந்து கலந்துள்ளன. மலாய்க்காரரின் கெண்டூரியும் தமிழ் முஸ்லிம்களின் கந்தூரியும் பாரசீக மூலத்தையுடைய ஒரே சொல்லாகும். உணவு பரிமாற விரிக்கும் விரிப்பைக் குறித்த அச்சொல், பின்னர் அதன்மேல் வைக்கப்படும் விருந்துக்கே பெயராயிற்று. சீனரிடமிருந்து மலாய்க்கு வந்த கொங்சி, கூட்டாகத் தொழில் நடத்துவதையும் பகிர்தலையும் குறிக்கும். பலர் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டைக் குறிக்கும் கூட்டு என்னும் சொல் மலேசியச் சட்ட ஏட்டிலும் இடம்பெற்றுள்ளது. அத்தகைய சீட்டைத் தொழிலாக நடத்துவதைத் தடைசெய்யும் சட்டம் 1971-இல் கூட்டு நிதி என்னும் பெயரோடே இயற்றப்பட்டது. ஆக, கூட்டாகப் பொருள் சேர்ப்பதற்கு இம்மண்ணில் சொற்பஞ்சம் இருந்ததில்லை. கூட்டாக உண்பதில்தான் சிக்கல் இருந்தது.

பழந்தமிழகப் பின்னணி

சங்க இலக்கியம் காட்டும் பெருஞ்சோறு தலைவன் ஒருவன் தன் வீரர்க்கும் சுற்றத்தார்க்கும் அளிப்பது. உதியஞ்சேரலாதன் 'பெருஞ்சோற்று' என்னும் அடைமொழி பெற்றதும் இதனாலேயே. இது பொட்லாச்சுக்கு நெருங்கியது, கூட்டாஞ்சோற்றுக்குத் தொலைவானது.

இடைக்காலத்தில் கோயில், சாலை, மடம் ஆகியவை பெருந்தொகையினர்க்கு உணவளிக்கும் நிறுவனங்களாயின. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலையில் 95 சட்டர்க்கு இடம் இருந்தது. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 340 மாணவர்க்கு வழங்கவேண்டிய நெல்லின் அளவை வகுக்கிறது. இவ்வறக்கட்டளைகளின் அமைப்பு நமக்குப் புதிதன்று. ஒருவர் அல்லது ஓர் ஊர்ச்சபை முதலீடு தருகிறது. அதன் விளைச்சல் உணவாகிறது. சமைப்போர் அதற்கென அமர்த்தப்பட்டோர். மடையர், மடைப்பள்ளி, பரிசாரகர், தவசுப்பிள்ளை, தமிழ் முஸ்லிம்களிடையே பண்டாரி என்று சமையலைத் தொழிலாகக் கொண்டோர்க்கும் அவர்தம் இடத்துக்கும் தமிழில் வழங்கும் சொற்களின் எண்ணிக்கையே கூலிச் சமையலின் தொன்மைக்குச் சான்றாகும்.

சமைப்போர் தனியே அமர்த்தப்பட்டதற்குத் திறமை மட்டும் காரணமன்று. அரிசியும் பருப்பும் காய்கறியும் எவரிடமிருந்தும் பெறத்தக்கவை. தீயும் நீரும் பட்டுச் சமைந்த சோறு அவ்வாறன்று என்பது சாதி ஒழுங்கின் அடிப்படை விதி. தமக்கு ஒத்தார் அல்லது உயர்ந்தார் எனக் கருதப்படுவோர் கையிலிருந்தே சமைத்த சோற்றைப் பெறலாம். எனவே பொது விருந்துக்கு ஏற்ற வழி ஒன்றே இருந்தது. பொருளை எல்லாரிடமிருந்தும் திரட்டலாம். சமையலை எல்லாரும் ஏற்கும் ஒரு கையிடம் ஒப்படைக்க வேண்டும். பந்தியில் யார் எங்கே அமர்வது என்பது அடுத்த வினா. 'பந்தி வஞ்சனை' என்று ஒரு தொடரே தமிழில் நிலைபெறும் அளவுக்கு அது உறுத்திற்று.

விதிவிலக்காகத் தோன்றும் ஒரு வழக்கத்தையும் இங்குச் சுட்டவேண்டும். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது, வடதமிழகத்தின் பல ஊர்களில் பெண்கள் தத்தம் வீட்டில் காய்ச்சிய கூழைக் குடத்தில் கொண்டுவந்து கோயில் வாயிலில் உள்ள பெரிய கொப்பரையில் ஊற்றுவர். எல்லா வீட்டுக் கூழும் கலந்தபின் அது யாவர்க்கும் வார்க்கப்படும். சமைத்த உணவின் கூட்டு என்ற வகையில் இதுவே பொட்லக்கிற்கு மிக நெருங்கிய தமிழ் வழக்கம். ஆனால், கொப்பரையில் கலப்பது பெரும்பாலும் ஒரு தெருவின் கூழ். சேரிக்கு வேறு கோயில், வேறு கொப்பரை.

சேரன்மாதேவி தந்த பாடம்

பொருள் எல்லாருடையது, பந்தி மட்டும் வேறு என்னும் இம்முரண் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அரசியல் நிகழ்வாக வெடித்தது. வ. வே. சு. ஐயர் 1922-இல் சேரன்மாதேவியில் தொடங்கிய குருகுலம் தேசியக் கல்வி நிறுவனமாக மதிக்கப்பட்டது. பல சமூகத்தாரும் அதற்குப் பொருள் தந்தனர். தமிழ்நாடு காங்கிரசும் நிதி அளித்தது. ஆயினும், அங்குச் சில பிராமண மாணவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்டது தெரியவந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. பெரியார் ஈ. வெ. இராமசாமியும் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடுவும் அவ்வெதிர்ப்பில் முன்னின்றனர். பெரியார் 1925-இல் காங்கிரசைவிட்டு வெளியேறியதற்கு வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் உடனடிக் காரணமாயினும், குருகுலத்தின் பந்தியும் அதன் பின்னணியில் இருந்தது.

இந்நிகழ்வின்பின் தமிழகத்தில் சமபந்தி விருந்து ஒரு சமூகச் செயற்பாடாக உருப்பெற்றது. அதில் உணவின் சுவை முதன்மையானதன்று. யார் அருகில் யார் அமர்ந்தார், யார் பரிமாறினார் என்பதே செய்தி. 1957-இல் சென்னையில் உணவகப் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரி நடந்த கிளர்ச்சியும் இதன் தொடர்ச்சியே. பணம் கொடுத்து உண்ணும் இடத்திலும் சமைத்த கையின் சாதி விளம்பரமாயிருந்தது என்பதை அது காட்டிற்று.

கப்பலும் தோட்டமும்

ஜொகூருக்குத் தமிழர் பெருந்திரளாக வந்தது இரப்பர் தோட்டங்களின் வளர்ச்சியோடுதான். அதற்கு முன்பு இம்மாநிலத்தின் உட்பகுதிகளில் சீனர் கங்சு முறையின் கீழ்க் காம்பிரும் மிளகும் பயிரிட்டனர். 1909-இல் ஜொகூர் இரயில்பாதை நிறைவுற்று, கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை போக்குவரத்து ஏற்பட்டது. சிகாமாட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், குலாய் என்று அப்பாதையை ஒட்டியும் அதற்கு அப்பாலும் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டபின் கங்காணி முறையே ஆளெடுப்பின் முக்கிய வழியாயிற்று. அதுவும் 1938-இல் நின்றது.

ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களிலும் கப்பல்களிலும் புலம்பெயர்ந்தோர் கண்ட உணவு, அதுவரை அவர்கள் அறியாத ஒன்று. பல ஊரார்க்கும் பல சாதியார்க்கும் ஒரே கொப்பரையில் அமர்த்தப்பட்ட சமையற்காரர் ஆக்கிய சோறு அது. ஊரின் தெருப் பிரிவு கப்பலின் தளத்தில் செல்லுபடியாகவில்லை. மலாயாத் தமிழர் கூலிச் சமையலை அறிந்தது திருமண மண்டபத்தில் அன்று, இம்முகாம்களில்தான் எனலாம்.

ஆனால், கரையேறித் தோட்டத்தில் குடியமர்ந்தபின் பழைய பிரிவுகள் மீண்டும் தலைதூக்கின. பல தோட்டங்களில் ஆதிதிராவிடர்க்கு லயன்கள் தனியே ஒதுக்கப்பட்டன. சில இடங்களில் கோயில்களும் வேறாயின. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையைச் சேர்ந்த இரா. இராஜகிருஷ்ணன் 1984-இல் வெளியிட்ட ஆய்வுநூல், மலேசியத் தமிழரிடையே சாதி உணர்வு தேய்ந்தும் மறையாமலும் நிற்பதை எடுத்துரைத்தது.

தோட்டத்தின் பொது விருந்து மாரியம்மன் கோயில் திருவிழாவை மையமாகக் கொண்டது. அதற்கான பொருள் இருவழிகளில் திரண்டது. ஒன்று, ஆளுக்கு இவ்வளவு எனக் குறித்துத் திரட்டும் வரி. பல தோட்டங்களில் இது தொழிலாளரின் ஒப்புதலோடு சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. மற்றொன்று, ஒரு நாள் பூசைக்கும் உணவுக்குமான செலவை ஒரு குழு ஏற்றுக்கொள்ளும் உபயம். நகரக் கோயில்களில் இரயில்வே, பொதுப்பணித் துறை, நகராண்மைக் கழகம் என்று தொழில்வாரியாக உபய நாள்கள் அமைந்தன. ஜொகூர் பாருவில் 1911-இல் எழுந்த அருள்மிகு ராஜமாரியம்மன் ஆலயம் போன்ற நகரக் கோயில்கள், தோட்டமும் ஊரும் வேறான மக்களை ஒரே பந்தலின்கீழ்க் கொண்டுவந்தன.

அன்னதானச் சமையலைத் தோட்டத்து ஆண்களே முன்னின்று செய்தனர். முதல்நாள் இரவே பள்ளம் தோண்டி அடுப்பமைத்து, இரப்பர் விறகு அடுக்கி, கிடாரமும் அண்டாவும் ஏற்றுவர். பெண்கள் தேங்காய் துருவி, காய் நறுக்கி, அரிசி களைவர். ஐந்நூறு பேருக்கு எத்தனை படி அரிசி, எவ்வளவு புளி, உலை எப்பொழுது கொதிக்கும் என்பன ஏட்டில் எழுதாத அறிவாக ஒருசிலர் கையில் இருந்தன. இரவு முழுவதும் நடக்கும் இவ்வேலையே உறவை வளர்த்தது என்பதில் ஐயமில்லை. இன்று நாம் ஏங்குவது இதற்காகத்தான்.

எனினும், இவ்விருந்திலும் எல்லார் கையும் எல்லா இடத்திலும் படவில்லை. விறகு வெட்டுவதும் பந்தல் போடுவதும் பறை முழக்குவதும் ஒருசாரார் கடமையாகவும், உலையருகே நிற்பதும் பரிமாறுவதும் மற்றொரு சாரார் உரிமையாகவும் இருந்த தோட்டங்கள் உண்டு. வரி எல்லாரிடமும் ஒரே அளவில் பெறப்பட்டது; கரண்டி எல்லாரிடமும் கொடுக்கப்படவில்லை. சேரன்மாதேவியின் முரண் தோட்டத்திலும் தொடர்ந்தது. கூட்டுச் சமையலை நினைவுகூர்வோர் இதனையும் சேர்த்தே நினைவுகூர்தல் நேர்மையாகும்.

சீர்திருத்த இயக்கமும் சமபந்தியும்

பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தது இங்குள்ள தமிழரிடையே சீர்திருத்தக் கருத்துகள் பரவுவதற்குப் பெருந்துணையாயிற்று. 1930-களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' அக்கருத்துகளைத் தோட்டங்களுக்குக் கொண்டுசேர்த்தது. 1924-இல் கட்டிமுடிக்கப்பட்ட கடற்பாலம் சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைத்திருந்ததால், ஜொகூர்த் தமிழர்க்கு அந்நகரின் இயக்கங்கள் அண்டை வீட்டுச் செய்திகளாயின.

ஜப்பானியர் ஆட்சிக் காலமான 1942 முதல் 1945 வரை அரிசி அரிதாகி மரவள்ளிக் கிழங்கே பலரின் உணவாயிற்று. சயாம் மரண இரயில்பாதைக்கு ஆள்கள் கொண்டுசெல்லப்பட்டதால் தோட்டக் குடும்பங்கள் சிதைந்தன. போருக்குப் பின் தொழிற்சங்கமும் சீர்திருத்தச் சங்கமும் புதிய வகை ஒன்றுகூடலைத் தோற்றுவித்தன. 1952-இல் சாரங்கபாணி முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள், சமயமோ சாதியோ சாராமல் மொழியை முன்னிட்டு மக்களைக் கூட்டியது. கோயில் பந்தியில் முறை கேட்டோர் இத்தகைய மேடையின் முன்பு உறுப்பினராக அமர்ந்தனர். சங்கம் நடத்தும் விருந்தில் உரிமைக்கு அடிப்படை சந்தாவே ஆயிற்று.

தாமானும் தொழிற்சாலையும்

1970-களிலிருந்து ஜொகூரின் முகம் மாறியது. இரப்பர் நிலங்கள் எண்ணெய்ப் பனைக்கு மாறின. நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. ஒருகாலத்தில் இரப்பர்த் தோட்டமாயிருந்த மவுண்ட் ஆஸ்டின் இன்று ஜொகூர் பாருவின் பரபரப்பான புறநகர். 1977-இல் பாசிர் கூடாங் துறைமுகம் செயற்படத் தொடங்கியபின் அதைச் சூழ்ந்து தொழிற்சாலைகள் எழுந்தன. மாசாய், ஸ்கூடாய், உலு திராம், செனாய் ஆகிய பகுதிகளின் தாமான்களில் தோட்டத்து மக்கள் குடியேறினர். பலர் நாள்தோறும் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலைசெய்தனர்.

கூட்டுச் சமையலுக்கு மூன்று தேவைகள் இருந்தன: அடுப்பு மூட்ட வெளி, ஒரே வேளையில் ஓய்வு, கைதேர்ந்த மூத்தோர். வரிசை வீட்டின் பின்சந்தில் கிடாரம் ஏற்ற இடமில்லை. முறைவேலை செய்யும் கணவனும் மனைவியும் ஒரே இரவில் வீட்டிலிருப்பது அரிது. ஐந்நூறு பேருக்கு உலை வைக்கத் தெரிந்தவர் வேறொரு தாமானில் இருந்தார். ஆகவே, கூலிச் சமையல் வளர்ந்ததற்கு மக்களின் சோம்பலோ பெருமிதமோ காரணமன்று. வாழிடமும் வேலைநேரமும் மாறியதே காரணம். தோட்டத்தில் பெரும் அடுப்பில் கைபழகியோர் சிலர் நகரில் அதனையே தொழிலாக்கிக்கொண்டதும் உண்டு.

இம்மாற்றம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பத்து பகாட், மூவார், பொந்தியான் வட்டாரங்களில் குடியேறிய ஜாவா மரபினர் திருமணத்திற்கு அண்டை வீட்டாரெல்லாம் கூடி உழைப்பதை ரெவாங் என்பர். ஒரே தட்டில் நால்வர் உண்ணும் நாசி அம்பெங் அவ்வுறவின் அடையாளம். சிற்றூரின் பொதுச் சொத்தாகத் தட்டுகளும் கொப்பரைகளும் வைக்கப்பட்டிருந்தன. அங்கும் நகர்மயமாதலோடு கேட்டரிங் பெருகி, ரெவாங் அருகி வருகிறது. பிரிவினை சாதியால் வந்ததா இல்லையா என்பதில் இரு சமூகத்தாரும் வேறுபடினும், உழைப்பு கூலியாக மாறியதில் ஒன்றுபடுகின்றனர்.

கூலிச் சமையல் தந்த ஒரு நன்மையைக் கூறாமல் விடலாகாது. சமைத்தவர் யார் என்று கேட்கும் பழக்கத்தை அது மெல்ல மெல்லப் பொருளற்றதாக்கிற்று. மூடிய பாத்திரங்களில் வந்திறங்கும் பிரியாணிக்குச் சாதி தெரியாது. பஃபே முறை பந்தியின் வரிசையையும் குலைத்தது. சமபந்தி மேடைகள் வாதிட்டுப் பெற முயன்றதன் ஒரு பகுதியைச் சந்தை ஓசையின்றிச் செய்துமுடித்தது. ஆனால், அது வெற்றியன்று, மறைப்பு என்று கூறவும் இடமுண்டு. சமைத்தவரின் சாதி மட்டுமன்றி அவருடைய உழைப்பும் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

பொட்லக்: புதிய மேசை

பொட்லக் நம்மிடையே பரவியது அலுவலகம், பள்ளி, பல்கலைக்கழகம் ஆகியவற்றின் வழியாக என்பது கருதத்தக்கது. தோட்டத்திலிருந்தோ கோயிலிலிருந்தோ அது வரவில்லை. பணியிடத்தில் சாதியும் ஊரும் கேட்கப்படாமல் கூடியவர்கள், தத்தம் வீட்டுச் சமையலை ஒரே மேசையில் வைத்தனர். ஒருவர் கொண்டுவந்த மீன்குழம்பை மற்றவர் தயங்காமல் எடுத்துக்கொண்டார். தாத்தாவின் காலத்தில் இது நடந்திருக்க இயலாது. கூட்டாஞ்சோறு அரிசியைக் கலந்தது. பொட்லக் அடுப்பங்கரைகளைக் கலக்கிறது. ஆகவே, இதனைப் பழமைக்குத் திரும்புதல் என்பதைவிடப் பழமையின் ஒரு தடையைக் கடத்தல் என்பதே பொருந்தும்.

ஆயினும், இம்மேசைக்கும் எல்லைகள் உள்ளன. முதலாவது, சமய நெறி. ஜொகூரின் தமிழ்ப்பள்ளிகளில் மலாய் ஆசிரியர்களும் பணியாற்றுகின்றனர். மே 16-ஆம் நாள் ஆசிரியர் தின விருந்தில் அவர்களும் அமர்கின்றனர். ஹலால் நெறியைப் பேணும் ஒருவர், பிற சமயத்தார் வீட்டு அடுப்பில் சமைத்ததை உண்ணத் தயங்குவது இயல்பு. அதனைப் பகைமையாகக் கொள்ளலாகாது. சைவ உணவினர்க்கும் கலத்தைப் பற்றிய கவலை உண்டு. இத்தகைய கூட்டத்தில் பொட்லக் சிலரைத் தம் பொட்டலத்தோடு ஒரு மூலைக்கு அனுப்பிவிடும். ஹலால் சான்றிதழ் பெற்ற நிறுவனத்தின் சைவ உணவு எல்லாரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும். எல்லாரும் ஏற்கும் ஒரு கை வேண்டும் என்ற பழைய தீர்வு, இங்கு உயர்வு தாழ்வு நீங்கிய வடிவில் மீண்டும் வருகிறது.

இரண்டாவது, தூய்மை. 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் 2009-இல் வகுக்கப்பட்ட உணவுத் தூய்மை விதிமுறைகள், விற்பனைக்கான உணவைக் கையாள்வோர் பயிற்சி பெறவும் குடற்காய்ச்சல் தடுப்பூசி இட்டுக்கொள்ளவும் வேண்டுகின்றன. வீட்டிலிருந்து வரும் உணவுக்கு நம்பிக்கை ஒன்றே சான்று. காலையில் சமைத்த தேங்காய்ப்பால் குழம்பு நம் நாட்டு வெப்பத்தில் பிற்பகல்வரை மேசையில் இருந்தால் அந்நம்பிக்கை சோதனைக்குள்ளாகும். 2020 மார்ச் 18-இல் நடைமுறைக்கு வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, ஒன்றுகூடலையே நிறுத்தி, ஒருவர் கரண்டியை மற்றவர் தொடுவதையும் எண்ணிப்பார்க்க வைத்தது.

மூன்றாவது, உழைப்பு. தோட்டத்து அன்னதானத்தில் உலையருகே நின்றவர் ஆண்கள். பொட்லக்கில் சங்கத்தின் உறுப்பினர் ஆணாயினும், அவர் பெயரில் வரும் பண்டத்தைச் சமைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். செலவில்லாத விருந்து என்று செயற்குழு எழுதிக்கொள்ளும்போது, அவருடைய விடியற்காலை கணக்கில் சேர்வதில்லை. கேட்டரிங்கில் அவ்வுழைப்பு கூலிபெறுகிறது. ஆனால், மிகக் குறைந்த விலை கேட்கும் சங்கம் அக்கூலியையும் நெருக்குகிறது.

நான்காவது, மானம். மொய்யில் எழுதும் தொகையை ஒருவரே அறிவர். மேசையில் வைக்கும் பண்டத்தை எல்லாரும் அறிவர். இறால் சம்பலுக்கு அருகில் வாங்கிவைத்த ரொட்டிப் பொட்டலத்தை வைப்பவர் அடுத்த ஆண்டு வராமல் போகக்கூடும். தோட்டத்து வரி ஒரே அளவாக இருந்ததில் இந்த ஒரு நீதி இருந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பொது விருந்தின் வரலாறு 'கூடிச் சமைத்தோம், பிறகு விலைக்கு வாங்கினோம்' என்னும் நேர்கோட்டில் அமையவில்லை என்பது பெறப்படும். பொருளைக் கூட்டுதல் தமிழரிடையே எக்காலத்தும் எளிதாயிருந்தது. சமைத்த கையை ஏற்றல் கடினமாயிருந்தது. கூலிச் சமையல் அக்கடினத்தை ஒருகாலத்தில் காத்துநின்றது. பிறிதொரு காலத்தில் கரைத்தது. பொட்லக் அதனை நேர்நின்று கடக்கும் வாய்ப்பைத் தருகிறது. அதேவேளையில் சமய வேறுபாடும் வசதி வேறுபாடும் உள்ள கூட்டத்தில் புதிய மூலைகளை உண்டாக்குகிறது.

எனவே, செயற்குழுவின் கேள்விக்கு எக்கூட்டத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஒருவர் வீட்டை ஒருவர் அறிந்த சிறு குழுவிற்குப் பொட்லக் உகந்தது. அங்கு அது வெறும் சிக்கனமாக நில்லாமல், உன் வீட்டுச் சோறு எனக்கு ஏற்புடையது என்னும் கூற்றாகும். பல சமயத்தாரும் பல நிலையினரும் கூடும் பெருங்கூட்டத்திற்குச் சமமான வரியும் அனைவரும் ஏற்கும் சமையலும் உகந்தவை. எவ்வழியைத் தேர்ந்தாலும், இம்முடிவால் எவர் மேசைக்கு வெளியே நிற்க நேரும், எவர் உழைப்பு கணக்கில் வராமற்போகும் என்னும் இரு வினாக்களையும் விலைப்பட்டியலுக்கு முன்னதாகக் கேட்டல் நலம்.

ஆய்வுலகத்திற்கும் ஒரு கடமை உண்டு. தோட்டங்கள் மறைந்துவருகின்றன. உபயப் பட்டியல், கோயில் வரவுசெலவு ஏடு, விறகுக்கும் அரிசிக்கும் எழுதிய கணக்கு ஆகியன பழைய பெட்டிகளில் செல்லரித்துக் கிடக்கின்றன. உலை வைத்த மூத்தோரும், உலையருகே நிற்க இடம் மறுக்கப்பட்ட மூத்தோரும் நம்மிடையே இன்னும் சிலர் உள்ளனர். இரு சாராரின் நினைவுகளையும் பதிவுசெய்தாலன்றி நம் விருந்தின் வரலாறு முழுமை பெறாது. தமிழாசிரியர்கள் தத்தம் பள்ளியைச் சூழ்ந்த குடும்பங்களிலிருந்து மாணவர்வழி இதனைத் தொகுக்க முன்வருவராயின், ஜொகூர்த் தமிழரின் சமூக வரலாற்றுக்கு அது சிறந்த மூலமாக அமையும்.